வாசகர் கேள்வி – பதில்: ஆசையாகச் சேர்ந்த குழு ஏன் கசந்துபோகிறது?

பொழுதுபோக்குக்காக இணையத்தில் கூடும் குழுக்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வேதனையை வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: ஒரு காலத்தில் காலையில் எழுந்ததும் ஆவலோடு திறந்து பார்த்த குழுவை இப்போது திறக்கவே மனம் வரவில்லை. பூச்சிகளை மிக அருகிலிருந்து படமெடுப்போர் குழு ஒன்றை வேறு மூவருடன் சேர்ந்து பதினோரு ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். அந்த அனுபவத்தையும், இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தவற்றையும் சேர்த்து, என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டக் குழு முப்பது பேருடன் தொடங்கியது. அப்போது யார் சேர்ந்தாலும் நாலைந்து பேர் வரவேற்று, என்ன வளர்க்கிறீர்கள் என்று விசாரிப்போம். இப்போது ஐயாயிரம் பேர் இருக்கிறோம். வாரத்துக்கு நாற்பது பேர் சேர்கிறார்கள். எதற்கெடுத்தாலும் எரிச்சல், குத்தல் பேச்சு. நல்லவர்கள் குறைந்து முரடர்கள் கூடிவிட்டார்களா?

பழையவர்கள் நல்லவர்கள், புதியவர்கள் முரடர்கள் என்ற முடிவுக்கு ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் ஒரு கட்டத்தில் வந்துவிடுகின்றன. நானும் அப்படி நம்பியிருந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. அன்று சேர்ந்தவரை நாலைந்து பேர் வரவேற்றார்கள். இந்தக் குழுவில் எப்படிப் பேசுவது வழக்கம் என்பதை அவர் அந்த வரவேற்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார். இன்று சேர்பவரை யாரும் விசாரிப்பதில்லை. அவர் முதலில் பார்ப்பது நடந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு சண்டையைத்தான். இங்கே இப்படித்தான் பேசுவார்கள் போலும் என்று அவரும் அதே தொனியைப் பிடித்துக்கொள்கிறார்.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் திட்டமிட்டு, 1980இல் இயங்கத் தொடங்கிய யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் ஒரு சிக்கல் வரும். கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அந்த மாதத்தில்தான் இணைப்பு கிடைக்கும். அவர்கள் கண்டபடி எழுதுவார்கள். பழையவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்துவிடும். 1993–94 வாக்கில் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டபோது, புதியவர்களின் வரத்து ஆண்டு முழுவதும் நிற்காமல் தொடர்ந்தது. அந்தக் காலத்தை ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று இன்றும் சொல்கிறார்கள். வந்தவர்கள் முந்தைய ஆண்டுகளில் வந்தவர்களைவிடக் கெட்டவர்கள் இல்லை. சொல்லிக்கொடுக்கும் கைகளைவிடக் கற்க வேண்டிய தலைகள் அதிகமாகிவிட்டன, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது வாரத்துக்கு நாற்பது என்ற அந்த எண்ணிக்கையை. உங்களில் எத்தனை பேர் புதியவர்களுக்கு முதல் பதில் எழுதத் தயாராக இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அவர்களால் கவனிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உறுப்பினர்களைச் சேருங்கள். மீதிப்பேர் ஒரு வாரம் காத்திருக்கட்டும். காத்திருப்பதால் ஆர்வமுள்ளவர் யாரும் ஓடிவிடுவதில்லை. மெட்டாஃபில்டர் என்ற பழைய இணையக் குழு 2004 முதல் ஒரேயொரு முறை செலுத்தும் 5 டாலர் நுழைவுக் கட்டணம் வைத்தது. பணம் கட்டியவரும் உடனே முதல் பக்கத்தில் எழுதிவிட முடியாது, சில நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்தச் சிறிய படியைத் தாண்டி வருபவர், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

அடுத்தது, விதிகள் எங்கே இருக்கின்றன என்பது. எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் விதிகளை யாரும் படிப்பதில்லை. ரெடிட் என்ற உரையாடல் தளத்தின் அறிவியல் குழுவில் 2,190 உரையாடல்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றின் உச்சியில் மட்டும் விதிகளை ஒட்டிவைத்துச் சோதித்துப் பார்த்தார் நாதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, விதிகள் கண்ணில் பட்ட இடங்களில் அவற்றைப் பின்பற்றிய புதியவர்களின் விகிதம் 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. விதிகளைப் பார்த்தால் புதியவர்கள் மிரண்டு ஒதுங்கிவிடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள் அல்லவா? அங்கே நடந்தது நேர்மாறு: உரையாடலில் கலந்துகொண்ட புதியவர்கள் சராசரியாக 70 விழுக்காடு கூடினார்கள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த இடத்தில்தான் கூச்சமுள்ளவருக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

விதியை எழுதும்போது ‘கண்ணியம் காக்கவும்’ என்று எழுதிப் பயனில்லை. தாம் கண்ணியமாகத்தான் பேசுகிறோம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். ‘இலை மஞ்சளாகிறது என்று கேட்பவர் மண், வெயில், தண்ணீர் மூன்றைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக் கேட்கவும். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வி மீண்டும் வந்தால் பழைய பதிலின் இணைப்பைக் கொடுக்கவும். தேடிப் பார்த்திருக்கலாமே என்று எழுத வேண்டாம்’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் குழுவில் உண்மையில் சண்டை தொடங்கும் இடம் எது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய விதி அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: பின்னல் வேலைக் குழுவில் ஒருவரிடம் “ஏன் இந்த நூல்?” என்று மட்டும் கேட்டேன். தன் தேர்வை நான் ஏளனம் செய்வதாக அவர் பொங்கிவிட்டார். தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டேன். தவறு யாருடையது?

இருவர் மீதும் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஏன் இந்த நூல்?” என்பதை நேரில் கேட்டிருந்தால், உங்கள் கை அந்த நூலைத் தொட்டுப் பார்த்திருக்கும், முகத்தில் ஆவல் தெரிந்திருக்கும், குரல் கடைசிச் சொல்லில் இறங்காமல் ஏறியிருக்கும். எழுத்தில் இவை எதுவும் இல்லை. அந்த மூன்று சொற்களை அவர் தம் குரலில், அன்றைய மனநிலையில், படித்துக்கொண்டார்.

எழுதுபவருக்குத் தம் குரல் உள்ளே ஒலித்துக்கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்ற மயக்கம் இயல்பாகவே வருகிறது. 2005இல் ஜஸ்டின் க்ரூகர் முதலான நால்வர் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கிண்டலாகவும் உண்மையாகவும் சில வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், பெறுபவர் நூற்றுக்கு 78 முறை தங்கள் தொனியைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். உண்மையில் பிடித்தது 56 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் 73 முறை சரியாகப் பிடித்தார்கள். இந்தத் தொல்லை கணினி உரையாடலின் தொடக்க காலத்திலேயே தெரிந்திருந்தது. வேடிக்கையாக எழுதியதை வினையாக எடுத்துக்கொண்டு குழப்பம் விளைந்ததால்தான், 1982 செப்டம்பர் 19ஆம் நாள் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளியும் சிறுகோடும் அடைப்புக்குறியும் சேர்ந்த சிரிப்புக் குறியை முன்மொழிந்தார். இன்று நாம் பயன்படுத்தும் எமோஜிகளுக்கெல்லாம் அது முன்னோடி.

என்னைக் கேட்டால், எமோஜியைவிட இன்னும் அரை வாக்கியம் மேலானது. “இந்த நூலின் பளபளப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, எதற்காக இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை” என்று எழுதப் பத்து வினாடி கூடுதலாகும். தமிழில் நமக்கு இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் ‘நீங்கள்’ என்று தொடங்கிய உரையாடல் எந்த வரியில் ‘நீ’ என்று மாறுகிறதோ, அந்த வரியில்தான் பேச்சு நூலை விட்டு ஆளின் மீது போகிறது. எங்கள் குழுவில் நிர்வாகிகள் நால்வரும் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

கேள்வி: புனைபெயரில் ஒளிந்துகொண்டுதானே எல்லாரும் வசைபாடுகிறார்கள்? உண்மைப் பெயரும் அடையாளச் சான்றும் கட்டாயம் என்று எங்கள் வானியல் ஆர்வலர் குழுவில் விதி கொண்டுவரப் போகிறோம். சரிதானே?

அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முகம் தெரியாத நிலை நாவின் கட்டைத் தளர்த்துகிறது என்பது உண்மையே. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் இதை விரிவாக எழுதினார்; ஆனால் அவர் அடுக்கிய ஆறு காரணங்களில் பெயர் மறைப்பு ஒன்றுதான். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பேசுவது, சொல்லிவிட்டு விலகிப்போய்ப் பதிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி, இது ஏதோ விளையாட்டு உலகம் என்ற எண்ணம் ஆகியவையும் அவற்றில் அடங்கும். உண்மைப் பெயரைப் போட்ட பிறகும் இவை அப்படியே இருக்கும்.

தென்கொரியா இதை நாடளவில் சோதித்துப் பார்த்த நாடு. பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் உண்மை அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2007இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு வசை குறையவில்லை. 2011இல் நடந்த ஒரு தரவுத் திருட்டில் ஏறக்குறைய 3.5 கோடிப் பயனாளர்களின் விவரங்கள் வெளியே போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. ஒரு சிறு வானியல் குழு உறுப்பினர்களின் அடையாளச் சான்றுகளை வாங்கி எங்கே, யாருடைய கணினியில் வைத்துக் காக்கப் போகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

உண்மையில் வேலை செய்வது நிலையான பெயர். அது புனைபெயராகவே இருக்கலாம். ஆனால் அதே பெயரில் ஒருவர் ஐந்து ஆண்டுகளாக வியாழன் கோளைப் படமெடுத்துப் போட்டிருந்தால், அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு சேர்ந்திருக்கும். அதை ஒரு கோபத்தில் இழக்க அவர் துணிய மாட்டார். மாதம் ஒரு பெயரில் வந்து போவதைத் தடுங்கள். அதுவே போதும்.

கேள்வி: எங்கள் ஒளிப்படக் குழுவில் எந்தப் படம் போட்டாலும் “அருமை”, “சூப்பர்” என்றுதான் பதில் வருகிறது. குறை சொன்னால் சண்டை வருகிறது. மரியாதை வேண்டும் என்றால் பொய்யாகப் புகழத்தான் வேண்டுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் புகழும் குழுவில் மரியாதை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அங்கே யாரும் யாருடைய படத்தையும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒருவர் மூன்று மணி நேரம் மண்டியிட்டு எடுத்த படத்தை இரண்டு நிமிடம் நின்று பார்த்து, இடது ஓரத்தில் வெளிச்சம் கூடிவிட்டது என்று சொல்வதுதான் அவருக்கு நாம் தரும் மதிப்பு. குறை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஓர் உயிரின் படத்தைப் போட்டு, “இது என்ன பறவை?” என்று கேட்டிருந்தார். அது பறவையன்று, சிறகடித்து ஒரே இடத்தில் நிற்கக்கூடிய அந்துப்பூச்சி வகை. முதல்முறை பார்ப்பவர்கள் அதைத் தேன்சிட்டு என்று எண்ணுவது மிக இயல்பு. நான் எழுதிய பதில் இது: “கால்களை எண்ணத் தெரிந்தவர்கள் பதிவிட்டால் நன்றாக இருக்கும்.” அரை மணி நேரத்தில் நாற்பது பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். நான் சொன்ன தகவல் சரி. ஆனால் அந்தப் படம் உண்மையிலேயே நல்ல படம். சிறகின் விளிம்புகூடக் கலங்காமல் நின்றிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. அவர் பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். குறை சொல்பவர் முதலில் படத்தில் தாம் பார்த்த ஒன்றை, பாராட்டாகவோ வெறும் விவரமாகவோ, குறிப்பிட வேண்டும். குறை படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். எடுத்தவரின் அறிவு, கருவி, அனுபவம் பற்றிப் பேசக்கூடாது. சரிசெய்யும் வழி தெரிந்தால் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமர்சனம் வேண்டுமா என்பதை எடுத்தவரே பதிவில் குறிப்பிட்டுவிடலாம். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் ஒருவர் போடும் படத்துக்குக் கீழே ஒளிச்சிதறல் பற்றி யாரும் விரிவுரை நடத்த வேண்டியதில்லை.

கருத்து வேறுபாட்டை அமைப்பிலேயே இயல்பாக்கிவிட்ட ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். 2008இல் கலிஃபோர்னியாவில் மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், ஒருவர் போட்ட உயிரினத்துக்கு மற்றவர்கள் தாங்கள் அறிந்த பெயரைச் சேர்ப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் எதை ஒத்துக்கொள்கிறார்களோ அது குழுவின் முடிவாகிறது. அங்கே “நீங்கள் சொன்னது தவறு” என்று யாரும் எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. வேறொரு பெயரைச் சேர்த்து, ஏன் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அன்று அந்துப்பூச்சிக்கு நான் செய்திருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.

கேள்வி: அரசியல் செய்திகளையும் காலை வணக்க ஃபார்வர்டுகளையும் அடியோடு தடை செய்யலாமா?

செய்யலாம். எதற்காகக் கூடினோமோ அதைத் தவிர மற்றவை இங்கே இல்லை என்பது எளிதில் புரியும், எல்லாருக்கும் பொதுவான விதி. உறுப்பினர்களுக்குள் நட்பு வளர்ந்து மற்றதையும் பேச ஆசைப்பட்டால், அதற்கென்று தனியாக ஓர் அறை திறந்து கொடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நிர்வாகிகளுக்குப் பிடித்த அரசியல் மட்டும் தப்பித்துக்கொள்ளும் தடை, தடையே இல்லாததைவிடக் கெடுதல்.

கேள்வி: எங்கள் குழுவில் பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதில் ஈடு இணையற்ற ஒருவர் இருக்கிறார். யார் கேட்டாலும் பதில் சொல்வார். ஆனால் ஒவ்வொரு பதிலிலும் கேட்டவரை ஒரு குட்டு குட்டாமல் விடமாட்டார். அவரைக் கண்டித்தால் போய்விடுவார். போனால் குழுவே இல்லை. என்ன செய்வது?

எனக்கு வந்தவற்றுள் மிகக் கடினமான கேள்வி இது. ஏனென்றால் அவரால் கிடைக்கும் நன்மை கண்ணுக்குத் தெரிகிறது, ஏற்படும் இழப்பு தெரிவதில்லை. தெரியவைக்க ஒரு வழி சொல்கிறேன். கடந்த ஆறு மாதங்களில் அவரிடமிருந்து பதில் பெற்ற புதியவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் ஒருமுறை இப்படி எண்ணிப் பார்த்தபோது, இரவெல்லாம் உறக்கம் வரவில்லை.

அடுத்து, அவரோடு பேசுங்கள். எழுத வேண்டாம், தொலைபேசியில் பேசுங்கள், உங்களில் அவர் மதிக்கும் ஒருவர் பேசட்டும். அவரது இரண்டு மூன்று பதில்களை எடுத்துப் படித்துக் காட்டி, இதில் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டால் பதிலில் எதுவும் குறையவில்லையே என்று கேளுங்கள். இத்தகையவர்களில் பலர் ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் எழுதிச் சலித்துப்போனவர்கள். அந்தச் சலிப்புக்குக் குழுவும் பொறுப்பு. அவருடைய நல்ல பதில்களைத் திரட்டி ஒரே ஆவணமாக்கி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர் தலையில் விழாமல் தடுத்துக் கொடுங்கள். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு முறை பேசியும் மாறவில்லை என்றால் அவரைக் குழுவிலிருந்து விலக்கிவிடுங்கள். இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் திறமை கூடியவருக்கு விதி தளரும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டவர்கள், அதன் பிறகு எந்த விதியையும் நம்புவதில்லை.

கேள்வி: நிர்வாகியாக இருக்கிறேன். பதிவை நீக்கினால் ‘சர்வாதிகாரி’ என்கிறார்கள். விட்டுவைத்தால் ‘கையாலாகாதவர்’ என்கிறார்கள். எப்போது நீக்குவது, எப்போது வெளியேற்றுவது?

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அறிஞரின் புகழ்பெற்ற ஆய்வு இணையத்தைப் பற்றியதன்று. பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை போன்ற பொதுச் சொத்துகளைச் சில ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாழாக்காமல் எப்படிப் பேணிவந்தன என்று ஆராய்ந்து 1990இல் எழுதினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நெடுநாள் நிலைத்த அமைப்புகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகள் சில: விதியால் கட்டுப்படுகிறவர்களுக்கு விதியை மாற்றுவதிலும் பங்கு இருந்தது, கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருந்தார், சச்சரவைத் தீர்க்க அருகிலேயே செலவில்லாத ஏற்பாடு இருந்தது, முதல் தவற்றுக்குத் தண்டனை மிகச் சிறியதாக இருந்து, தவறு தொடரத் தொடரப் படிப்படியாகக் கடுமையாயிற்று. பொழுதுபோக்குக் குழுவும் ஒரு பொதுக்குளம்தான். அங்கே எல்லாரும் சேர்ந்து உண்டாக்கும் நல்ல பேச்சை எவரும் தனியாகக் கலக்கிவிட முடியும்.

எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். முதல் தவறு என்றால் தனிச்செய்தி மட்டும். கடைசியாக அனுப்பியது இப்படி இருந்தது: “வணக்கம். நீங்கள் நேற்று சிலந்திப் படத்தின் கீழ் எழுதிய பதிலில் முதல் இரண்டு வரிகள் மிகவும் பயனுள்ளவை. மூன்றாவது வரி படமெடுத்தவரைப் பற்றியதாக இருப்பதால் பதிலை எடுத்துவைத்திருக்கிறோம். அந்த வரி இல்லாமல் மீண்டும் போட்டால் மகிழ்வோம்.” ஒரு மணி நேரத்தில் அவர் திருத்திப் போட்டார். இதையே பொதுவில் சொல்லியிருந்தால், தம் மானத்தைக் காக்க அவர் வாதாடித்தான் ஆகவேண்டும். இரண்டாம் முறை, பொதுவில் பெயர் சொல்லாமல் நினைவூட்டல். மூன்றாம் முறை, ஒரு வாரம் எழுத முடியாது. அதன் பிறகே வெளியேற்றம், அதுவும் நால்வரில் மூவர் ஒப்பினால்தான்.

காரணம் சொல்லாமல் எதையும் நீக்காதீர்கள். ரெடிட் குழுக்களில் நீக்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நீக்கத்துக்கு விளக்கம் பெற்றவர்களின் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்புக் குறைந்ததாகக் கண்டது. சொல்லாமல் நீக்கினால் மனிதர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே யாரோ நமக்கு எதிராக இருக்கிறார்கள்.

‘சர்வாதிகாரி’ என்ற வசவு எப்படியும் வரும். உங்கள் சொந்தச் சண்டையில் நீங்களே நடுவராக இருக்காமல், உங்கள் மீதான புகாரை வேறொரு நிர்வாகியிடம் ஒப்படையுங்கள். அந்த ஒன்றைச் செய்தாலே அந்த வசவில் உண்மை இருக்காது.

கேள்வி: பறவை நோக்கும் குழுவில் ஒரு படம் போட்டேன். அன்றிரவே முகம் தெரியாத இரண்டு பேர் தனிச்செய்தியில் என் வயது, இருப்பிடம் எல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். நிர்வாகியிடம் சொன்னால், “பொதுவில் எதுவும் நடக்கவில்லையே” என்கிறார். நான் மிகைப்படுத்துகிறேனா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை, அம்மா. நீங்கள் சொன்னது சரி; நிர்வாகி சொன்னது தவறு. உங்கள் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது குழுவின் வழியாக. ஆகவே அந்தத் தனிச்செய்தி குழுவின் பொறுப்பில்தான் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பதில் எழுதாதீர்கள்; அந்த இரண்டு எண்களையும் தடுத்துவிடுங்கள்; நிர்வாகிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மேலே சொன்ன படிப்படியான நடவடிக்கை இங்கே பொருந்தாது. இத்தகையவரை முதல்முறையே வெளியேற்ற வேண்டும். தனிச்செய்தி அனுப்ப விரும்புபவர் முதலில் பொதுவில் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியைப் பல குழுக்கள் வைத்திருக்கின்றன. உங்கள் குழுவிலும் கேளுங்கள். நிர்வாகி மீண்டும் தட்டிக்கழித்தால் அந்தக் குழுவை விட்டு வெளியேற நீங்கள் தயங்க வேண்டாம். இதைப் படிக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பெண்கள் உங்கள் குழுவில் ஏன் படம் போடுவதில்லை என்று வியப்பவராக இருந்தால், அவர்களுடைய தனிச்செய்திப் பெட்டிக்கு என்ன வருகிறது என்று அவர்களையே கேளுங்கள்.

கேள்வி: பெரிய சண்டைகள் எல்லாம் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வெடிக்கின்றன. இது தற்செயலா?

தற்செயல் இல்லை. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிறரைச் சீண்டும் பதிவுகள் இரவு நேரத்தில் கூடுவதைக் கண்டார்கள். அதே ஆய்வின் சோதனைப் பகுதி இன்னும் முக்கியமானது. சிலருக்குக் கடினமான தேர்வு வைத்து மனத்தைக் கெடுத்தார்கள். பிறகு, ஏற்கெனவே சண்டை நடக்கும் உரையாடலில் எழுதச் சொன்னார்கள். நல்ல மனநிலையில் நல்ல உரையாடலைப் பார்த்தவர்கள் எழுதியவற்றில் 35 விழுக்காடு சீண்டலாக இருக்க, இவர்கள் எழுதியவற்றில் அது 68 விழுக்காடு. சண்டைக்காரர் என்று ஒரு தனிச் சாதி கிடையாது. களைப்பும் கண்முன் நடக்கும் சண்டையும் சேர்ந்தால் யாரும் அப்படி ஆகிவிடலாம். அதனால்தான் தொடங்கிவிட்ட சண்டையைக் காலைவரை விட்டுவைக்காமல், மேலும் யாரும் பதில் எழுத முடியாதபடி அன்றிரவே பூட்டிவிடுவது நல்லது. கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து அனுப்புங்கள் என்று 1995இல் வெளியான இணைய நடத்தை வழிகாட்டிக் குறிப்புகளே சொல்லியிருக்கின்றன. எங்கள் குழுவில் இரவு பதினொன்று முதல் காலை ஆறுவரை படம் மட்டும் போடலாம், பதில் எழுத முடியாது.

கேள்வி: கோபத்தில் ஒருவரை அவமானப்படுத்தி எழுதிவிட்டேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். இப்போது மன்னிப்புக் கேட்டால் ஏற்பாரா?

ஏற்பாரா என்பது அவர் கையில் இருக்கிறது. கேட்க வேண்டுமா என்றால், கட்டாயம் கேட்க வேண்டும். “நான் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருந்தால்” என்று தொடங்காதீர்கள். புண்படுத்தியது உங்களுக்கே தெரியும். என்ன எழுதினீர்களோ அதைச் சொல்லி, அது தவறு என்று எழுதுங்கள். அன்று உங்களுக்கு என்ன கவலை, என்ன களைப்பு என்ற விளக்கம் வேண்டாம். அவமானம் பொதுவில் நடந்திருந்தால் மன்னிப்பும் பொதுவில் இருக்க வேண்டும். தனிச்செய்தி கூடுதலாக இருக்கலாம், அதற்கு ஈடாகாது.

அந்துப்பூச்சிப் படம் போட்டவருக்கு நான் எட்டு மாதம் கழித்து எழுதினேன். மன்னிப்பை ஏற்பதாக இரண்டு வரியில் பதில் அனுப்பினார். இப்போது வேறொரு குழுவில் இருப்பதாகவும் அங்கே மகிழ்ச்சியாக இருப்பதாகவும் சொன்னார். திரும்பி வருமாறு நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பழைய பதிவின் கீழே, என் பதிலை நீக்காமல், அதற்கு அடுத்து என் மன்னிப்பையும் அந்தப் படத்தைப் பற்றி அன்றே சொல்லியிருக்க வேண்டியதையும் எழுதி வைத்தேன். புதிதாகச் சேரும் நிர்வாகிகளுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அந்தப் பதிவைத்தான்.